மகளின் ஸ்காலர்ஷிப் யாருடைய வரிக் கணக்கில் வரும்?

டெக்சாஸில், டல்லாஸ் பக்கம் வசிக்கும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய மகளுக்கு 19 வயது. மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். கணவர் மட்டும் வேலைக்குப் போகிறார். 2025-ல் குடும்ப வருமானம் 1,38,000 டாலர். எல்லோருமே அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள். ஜனவரி கடைசியில் கல்லூரியிலிருந்து 1098-டி என்ற கல்விக் கட்டண விவரப் படிவம் வந்தது. அதில் முதல் கட்டத்தில் (கல்விக் கட்டணம்) 12,400 என்றும் ஐந்தாம் கட்டத்தில் (ஸ்காலர்ஷிப்) 19,000 என்றும் இருந்தது. மகள் கோடை விடுமுறையில் ஒரு கடையிலும், பிறகு கல்லூரி நூலகத்திலும் வேலை பார்த்து 5,200 டாலர் சம்பாதித்திருக்கிறாள். சம்பளத்தில் பிடித்த வரி திரும்பக் கிடைக்கும் என்று அறைத்தோழி சொல்ல, பிப்ரவரியில் ஃபோனிலேயே தன் வரி ரிட்டர்னை அனுப்பிவிட்டாள். "வேறு யாராவது உங்களை டிபென்டன்டாக, அதாவது தங்கள் பராமரிப்பில் இருப்பவராக, காட்ட முடியுமா?" என்று கேட்ட இடத்தில் "இல்லை" என்று தட்டியிருக்கிறாள். 1098-டி பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. 310 டாலர் அவளுடைய வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து தங்கள் ரிட்டர்னை அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் அது திரும்பி வந்துவிட்டது. காரணம், மகளின் சோஷியல் செக்யூரிட்டி எண் ஏற்கெனவே இன்னொரு ரிட்டர்னில் இருக்கிறது.

வாசகி கேட்கிறார்: "ஸ்காலர்ஷிப் என்பது பரிசு, அதற்கு வரியே கிடையாது என்கிறார் ஒரு நண்பர். 19,000-க்கும் வரி உண்டு என்கிறார் இன்னொருவர். ஸ்காலர்ஷிப்தான் அவளுடைய செலவில் பாதிக்கு மேல் தாங்குகிறது, அதனால் அவள் உங்கள் டிபென்டன்டே இல்லை என்கிறார் மூன்றாமவர். நாங்கள் கட்டியதெல்லாம் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும்தான், டியூஷனுக்கு, அதாவது கல்லூரிப் படிப்புக் கட்டணத்துக்கு, ஒரு பைசா கட்டவில்லை. எங்களுக்கு எந்தச் சலுகையும் வராது என்றால், மகள் தனியாகக் காட்டியதை அப்படியே விட்டுவிடலாமா?"

அன்புள்ள சகோதரி,

விட்டுவிடாதீர்கள். நீங்கள் தந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்படியே விட்டால் உங்கள் குடும்பத்துக்கு 3,000 டாலர் போய்விடும். ஒழுங்காகத் திருத்தினால் உங்கள் மகளுக்கும் ஒரு டாலர்கூட வரி வராது. அவளுக்கு வந்த 310 டாலரையும் திருப்பித் தர வேண்டியதில்லை. எப்படி என்று சொல்கிறேன்.

மகள் செய்ததில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை, அவளைக் கடிந்துகொள்ள வேண்டாம். 19 வயதுப் பெண்ணிடம் "வேறு யாராவது உன்னைக் காட்ட முடியுமா" என்று கேட்டால், "நான் மேஜர், ஓட்டுப் போடுகிறேன், என்னை யார் காட்டுவது?" என்றுதான் தோன்றும். வருடா வருடம் மார்ச் மாதத்தில் இதே சிக்கலோடு பல குடும்பங்கள் என்னிடம் வருகின்றன. கேள்வியில் "காட்டுகிறார்களா" என்று இல்லை, "காட்ட முடியுமா" என்றுதான் இருக்கிறது. பெற்றோருக்கு அந்த உரிமை இருந்தாலே, அதை அவர்கள் பயன்படுத்தாவிட்டாலும், பிள்ளை "ஆமாம்" என்றுதான் சொல்ல வேண்டும்.

அவள் இன்னும் உங்கள் டிபென்டன்ட்தான்

மூன்றாவது நண்பர் சொன்னதை முதலில் பார்ப்போம், மற்றதெல்லாம் அதன்மேல்தான் நிற்கிறது. வருடக் கடைசியில் 24 வயது நிறையாமல், அந்த ஆண்டில் குறைந்தது ஐந்து மாதங்களில் முழுநேர மாணவராக இருந்த பிள்ளையைப் பெற்றோர் டிபென்டன்டாகக் காட்டலாம். வருடத்தில் பாதிக்கு மேல் உங்களோடு வசித்திருக்க வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. ஆனால் படிப்புக்காக ஹாஸ்டலில் இருப்பது தற்காலிகமாக வெளியே இருப்பதுதான், வீட்டில் இருந்ததாகவே கணக்கு. இன்னொரு நிபந்தனை, தன் வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் பிள்ளை தானே ஏற்றிருக்கக் கூடாது.

நண்பர் தடுமாறியது இந்தக் கடைசி நிபந்தனையில்தான். முழுநேர மாணவர் பெறும் ஸ்காலர்ஷிப்பை அவர் தனக்குத் தானே செய்துகொண்ட செலவாகச் சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. அது 19,000 ஆனாலும் 60,000 ஆனாலும் இந்தக் கணக்கில் சேராது. சேருவது அவள் சம்பளத்திலிருந்து தனக்காகச் செலவழித்த பணம் மட்டுமே. 5,200 முழுவதையும் செலவழித்திருந்தாலும் பாதியை நெருங்காது.

கல்லூரி உதவித்தொகைக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்தில் வரும் "இன்டிபென்டன்ட்" என்ற சொல்லையும் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அந்த விதிகள் வேறு, வருமான வரி விதிகள் வேறு. ஒன்றை வைத்து மற்றொன்றை முடிவு செய்ய முடியாது.

ஆக, அவள் உங்கள் டிபென்டன்ட். அந்த ஒரு காரணத்தாலேயே உங்களுக்கு 500 டாலர் கிரெடிட், அதாவது கட்ட வேண்டிய வரியிலிருந்தே கழியும் சலுகை, உண்டு. 17 வயதும் அதற்கு மேலும் ஆன டிபென்டன்டுக்கானது அது. மீதி 2,500 எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஸ்காலர்ஷிப் பணத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எந்த ஸ்காலர்ஷிப்புக்கு வரி?

வரியே கிடையாது என்ற நண்பர் ஒரு காலத்துக்குச் சரியாகத்தான் சொன்னார். 1986-ல் வந்த வரிச் சீர்திருத்தச் சட்டத்துக்கு முன்னால், பட்டப்படிப்பு மாணவரின் ஸ்காலர்ஷிப் ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் போனாலும் வரி இல்லை. அதற்குப் பிறகு விதி இறுகியது. பட்டப் படிப்பில் இருப்பவர் டியூஷன், சேர்க்கைக்குக் கட்டாயமான கட்டணங்கள், பாடத்துக்குக் கட்டாயமான புத்தகம், கருவிகள் ஆகியவற்றுக்குச் செலவழித்த ஸ்காலர்ஷிப்புக்கு மட்டுமே வரி கிடையாது. தங்கும் அறை, மீல் பிளான், ஊருக்குப் போய்வரும் டிக்கெட் ஆகியவற்றுக்குப் போன பகுதி மாணவரின் வருமானம். கவனியுங்கள், மாணவரின் வருமானம், பெற்றோரின் வருமானம் அல்ல. வகுப்பு எடுப்பதற்கோ ஆராய்ச்சியில் உதவுவதற்கோ சம்பளம்போல் வரும் உதவித்தொகைக்கு, எங்கே செலவழித்தாலும், பெரும்பாலும் வரி உண்டு.

உங்கள் மகள் 2025-ல் பெற்றது 19,000. டியூஷனும் கட்டாயக் கட்டணங்களும் 12,400, நீங்கள் உங்கள் கார்டில் வாங்கித் தந்த புத்தகங்கள் 1,100, ஆக 13,500. மிச்சம் 5,500. முழு 19,000-க்கும் வரி என்ற நண்பரும் தவறு, ஒன்றுமே இல்லை என்றவரும் தவறு. 1098-டியை மட்டும் பார்த்துக் கழித்தால் 6,600 என்று வரும், அதுவும் சரியில்லை. புத்தகக் கடைக்குக் கொடுத்தது கல்லூரிக்குத் தெரியாதே!

1098-டி ஒரு தகவல் காகிதம், அவ்வளவுதான். கணக்குக்கு ஆதாரம் கல்லூரி இணையதளத்தில் இருக்கும் மாணவர் கணக்கு அறிக்கை. அதில் தேதி வாரியாக ஃபால் டியூஷன், ஹவுசிங், மீல் பிளான், ஹெல்த் ஃபீ, பார்க்கிங் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கும். நான் யாருடைய ரிட்டர்னைச் செய்தாலும் முதலில் கேட்பது அதைத்தான். ஜனவரியில் தொடங்கும் பருவத்துக்கு டிசம்பரிலேயே பணம் கட்டியிருந்தால் அது கட்டிய வருடத்தில் சேரும், ஆனால் அந்தப் பருவத்தின் ஸ்காலர்ஷிப் ஜனவரியில்தான் வந்து விழுந்திருக்கும். இப்படி ஒரு வருடம் டியூஷன் அதிகமாகவும் அடுத்த வருடம் ஸ்காலர்ஷிப் அதிகமாகவும் தெரிவது சகஜம். பட்டம் வாங்கும் வருடத்தில் இது கண்டிப்பாக நடக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டியூஷனுக்கு நீங்கள் கட்டவில்லை என்பது சரியா?

இங்கேதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மனம் நின்றது. "ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும்தான் கட்டினோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய விவரப்படி குடும்பத்திலிருந்து போனது 7,500. அதில் 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்தது 3,500, கையிலிருந்து 4,000, புத்தகச் செலவு உட்பட. ஸ்காலர்ஷிப் முதலில் டியூஷனை அடைத்தது, மிச்சமிருந்த ஹாஸ்டல் பாக்கியை நாம் கட்டினோம் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. கல்லூரியின் கணக்கில் எல்லாப் பணமும் ஒரே பானையில்தான் விழுகிறது. எந்த டாலர் எதற்குப் போனது என்று அதில் பெயர் எழுதியிருக்காது.

ஸ்காலர்ஷிப்பின் நிபந்தனை இடம் கொடுத்தால், அதன் ஒரு பகுதி ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் போனது என்று மாணவர் தன் ரிட்டர்னில் வருமானமாகக் காட்டிக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. அப்படிக் காட்டினால், அந்த அளவுக்கு டியூஷன் உங்கள் பணத்தால் கட்டப்பட்டதாக ஆகும். இதில் ஒளிவு மறைவு எதுவுமில்லை. கல்விச் சலுகைகளைப் பற்றி அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ். தானே வெளியிடும் 970-ஆம் எண் வெளியீட்டில் உதாரணங்களோடு விளக்கியிருக்கிறது. இருந்தும் நம் ஆட்களில் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். ஸ்காலர்ஷிப்பை வருமானமாகக் காட்டாமல் இருப்பதுதான் லாபம் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக ஊறிப்போயிருக்கிறது.

ஏன் காட்ட வேண்டும்? அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி கிரெடிட் என்ற சலுகைக்காக. முதல் 2,000 டாலர் கல்விச் செலவுக்கு முழுவதும், அடுத்த 2,000-க்குக் கால்வாசியும் சேர்த்து, ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 2,500 டாலர் வரை வரியிலேயே கழியும். மாணவரை டிபென்டன்டாகக் காட்டுபவருக்குத்தான் இது. சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதியின் வருமானம் 1,60,000-க்குள் இருந்தால் முழுதாகக் கிடைக்கும், 1,80,000-ஐத் தொட்டால் ஒன்றுமில்லை. உங்களுடையது 1,38,000, பிரச்சினை இல்லை. ஆனால் இதில் ஹாஸ்டலும் சாப்பாடும் செல்லாது, ஹெல்த் ஃபீயும் செல்லாது. வரியில்லாத ஸ்காலர்ஷிப்பால் அடைபட்ட டியூஷனும் செல்லாது. வேறு பணத்தால் கட்டிய டியூஷனும் புத்தகமும் 4,000 டாலர் இருந்தால் முழுச் சலுகையும் கைக்கு வரும்.

இப்போது உங்கள் மூன்று ஸ்காலர்ஷிப்புகளைப் பார்ப்போம். துறை கொடுத்த 6,000 டியூஷனுக்கு மட்டும் என்று அதை வழங்கிய கடிதத்திலேயே இருக்கிறது, அதைத் தொடக் கூடாது. பல்கலைக்கழகத்தின் மெரிட் ஸ்காலர்ஷிப் 10,000, இன்னொன்று 3,000. இரண்டும் படிப்பு, தங்குமிடம் என்று கல்லூரிச் செலவு எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த 13,000-ல் 9,500 ஹாஸ்டலுக்கும் மீல் பிளானுக்கும், 3,500 டியூஷனுக்கும் என்று வையுங்கள். ஹாஸ்டலும் சாப்பாடும் மொத்தம் 13,000, அதில் 9,500 போக மிச்சம் 3,500, அது 529-லிருந்து வந்தது. 529 பணத்தைத் தங்குமிடத்துக்குச் செலவழிக்கலாம், அதற்கும் வரி இல்லை. டியூஷன், புத்தகம் 13,500-ல் துறையின் 6,000, மெரிட்டிலிருந்து 3,500 போக மிச்சம் 4,000, அது உங்கள் கைப்பணம். எந்த டாலரும் இரண்டு தடவை எண்ணப்படவில்லை. இதே செலவை 529-க்கும் காட்டிக் கிரெடிட்டுக்கும் காட்டுவதுதான் தவறு, நீங்கள் அதைச் செய்யவில்லை.

ஒரு வெள்ளைத்தாளில் நான்கு கோடு கிழித்து இந்த எண்களை எழுதிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. அந்தத் தாளை அப்படியே ரிட்டர்ன் நகலோடு வைத்துவிடுங்கள், நாளைக்கு ஐ.ஆர்.எஸ்.ஸிலிருந்து கடிதம் வந்தால் அதுதான் உங்கள் பதில்.

மகளுக்கு வரி ஏறாதா?

நியாயமான கேள்வி. 5,500 காட்ட வேண்டிய இடத்தில் 9,500 காட்டினால் அவள் தலையில் சுமை ஏறாதா? அவளுடைய சம்பளம் 5,200, ஸ்காலர்ஷிப் 9,500, மொத்தம் 14,700. வரி போடும் முன் வருமானத்தில் கழித்துவிடும் தொகைதான் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன். டிபென்டன்டாக இருப்பவரின் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் அவருடைய உழைப்பு வருமானத்தோடு 450 டாலரைக் கூட்டிய தொகை, 2025-க்கு உச்சவரம்பு 15,750. இந்த ஒரு கணக்குக்கு மட்டும், வரிக்கு உட்பட்ட ஸ்காலர்ஷிப்பையும் உழைப்பு வருமானம் என்றே சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே அவளுடைய டிடக்‌ஷன் 15,150. வருமானம் அதைவிடக் குறைவு. வரி பூஜ்யம்.

இதே ஸ்காலர்ஷிப்பை இன்னொரு கணக்குக்குச் சட்டம் உழைக்காத வருமானம் என்கிறது. அதைத் தெரிந்துகொள்வது முக்கியம், ஏனென்றால் அடுத்த வருடம் உங்களைக் கடிக்கக்கூடும். கிடி டாக்ஸ் என்று சொல்லுவார்கள். 24 வயதுக்குக் கீழ் இருக்கும் முழுநேர மாணவர், தன் வாழ்க்கைச் செலவில் பாதிக்கு மேல் தன் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளாதவராக இருந்தால், வட்டி, டிவிடெண்ட், இந்த ஸ்காலர்ஷிப் எல்லாம் சேர்த்து 2,700 டாலருக்கு மேல் போகும் பகுதிக்குப் பெற்றோரின் வரி விகிதம் போடப்படும். 2025-க்கான வரம்பு அது, படிவத்தின் எண் 8615. இந்த வருடம் அவளுக்கு வரிக்கு உட்பட்ட வருமானமே இல்லாததால் அது எதையும் பிடிக்காது. அடுத்த கோடையில் அவளுக்கு நல்ல இன்டர்ன்ஷிப் கிடைத்து 15,000 சம்பாதித்தாள் என்று வையுங்கள், அப்போது கூடுதலாகக் காட்டும் 4,000-க்கு உங்கள் விகிதமான 22 சதவீதம் விழலாம். அது 880 டாலர். அப்போதும் 2,500 கிடைத்து 880 போகிறது, காட்டுவதே மேல். எதற்கும் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள். இன்டர்ன்ஷிப் வருடத்தில் ஸ்காலர்ஷிப்புக்கென்று யாரும் முன்கூட்டியே வரி பிடிக்க மாட்டார்கள், அந்தப் பணத்தைத் தனியாக எடுத்துவைக்க வேண்டும்.

ஃபாஃப்சாவில் மகளின் வருமானம் ஏறி உதவித்தொகை குறைந்துவிடுமோ என்றும் பலர் பயப்படுவார்கள். வரிக்குக் காட்டிய ஸ்காலர்ஷிப் எவ்வளவு என்று அந்த விண்ணப்பத்தில் தனியாகக் கேட்கிறார்கள், அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்கிடுவார்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடாதீர்கள்.

இனி செய்ய வேண்டியது

முதலில் மகள் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். மின்வழியாகவே அனுப்பலாம். அதில் மாறுவது இரண்டு: தன்னை இன்னொருவர் காட்ட முடியும் என்ற பெட்டியில் குறி, ஷெட்யூல் 1 என்ற இணைப்புப் படிவத்தில் 8-ஆர் என்ற வரியில் 9,500. வரி முன்பும் பூஜ்யம், இப்போதும் பூஜ்யம், அதனால் அவளுக்கு வந்த 310 அவளுடையதே. கையெழுத்து அவளே போட வேண்டும். ரிட்டர்ன் அவளுடையது, நீங்கள் அவளுக்காகப் போடக் கூடாது. மாணவர் கணக்கு அறிக்கையையும் ஸ்காலர்ஷிப் கடிதங்களையும் அவள்தான் தன் லாகினில் எடுத்துத் தர முடியும். கல்லூரிப் பதிவுகள் மாணவருக்கே உரியவை என்று அமெரிக்காவில் சட்டம் இருப்பதால், நீங்கள் ஃபோன் செய்து கேட்டால் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் ரிட்டர்னில் மகளை டிபென்டன்டாகக் காட்டி, கல்விக் கிரெடிட்டுக்கான 8863 படிவத்தில் 4,000-ஐ எழுதுங்கள். கல்லூரியின் வரி அடையாள எண் அதில் தேவை, 1098-டியிலேயே இருக்கும். அனுப்புவதில்தான் கவனம் வேண்டும். மகளின் திருத்தத்தைப் பார்த்து முடிக்க ஐ.ஆர்.எஸ். 8 முதல் 12 வாரம் எடுத்துக்கொள்ளும், சில சமயம் 16 வாரம்கூட ஆகும். அதற்காகக் காத்திருக்காதீர்கள். காகிதத்தில் அச்சிட்டு, இருவரும் கையெழுத்திட்டு, ஏப்ரல் 15-க்குள் பதிவுத் தபாலில் அனுப்பிவிடலாம். இன்னொரு வழி, ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் அடையாளப் பாதுகாப்புக்கான ஆறு இலக்க ஐ.பி. பின் ஒன்றை வாங்குவது. முதலில் பெயர் வரும் உங்கள் கணவர் அதைச் சேர்த்து மின்வழியில் அனுப்பினால், டிபென்டன்ட் ஏற்கெனவே இன்னொரு ரிட்டர்னில் இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு 2025-லிருந்து வந்திருக்கிறது. நான் முதலில் இதை முயன்று பார்ப்பேன், ஏற்கவில்லை என்றால் அன்றே தபால்.

இன்னும் இரண்டு விஷயம். சென்ற வருடக் கணக்கையும் திருத்தலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். 2024 ரிட்டர்னைத் திருத்தி ரீஃபண்ட் கேட்க 2028 ஏப்ரல் வரை நேரம் இருக்கிறது, அவசரம் இல்லை. அவசரப்படவும் கூடாது, ஏனென்றால் ஒரு மாணவருக்கு இந்த கிரெடிட்டை நான்கு வரி ஆண்டுகளுக்கு மட்டுமே கேட்கலாம். 2024 ஆகஸ்டில் சேர்ந்து 2028 மே மாதம் பட்டம் வாங்கும் பெண்ணின் படிப்பு ஐந்து காலண்டர் ஆண்டுகளைத் தொடுகிறது. அவற்றில் சிறந்த நான்கைத் தேர்ந்தெடுக்கலாம். 2024-ல் ஒரு பருவம்தான் படித்தாள். அந்த வருடம் ஸ்காலர்ஷிப்பைப் பிரித்துப் போட்டாலும் 4,000 தேறவில்லை என்றால், அதை விட்டுவிட்டு 2028 வசந்த காலப் பருவத்துக்கு ஒரு வருடத்தை மிச்சம் வைத்துக்கொள்வது நல்லது. அந்தக் கடைசிப் பருவத்தின் கட்டணத்தை 2027 டிசம்பரில் கட்டுவதா, 2028 ஜனவரியில் கட்டுவதா என்பதையும் அப்போது இதை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் ஐ.டி.ஐ.என். என்ற வரி அடையாள எண் மட்டும் வைத்திருக்கும், எச்-4 என்ற சார்பு விசாவில் உள்ள பிள்ளைகள் நம்மில் நிறைய. 2025 கணக்கு வரை அவர்களுக்காகவும் பெற்றோர் இந்த கிரெடிட்டைக் கேட்கலாம். 2025-ல் வந்த புதிய சட்டத்தால், 2026 வரி ஆண்டிலிருந்து சோஷியல் செக்யூரிட்டி எண் கட்டாயம். அப்படிப்பட்ட குடும்பங்கள் இந்த ஆண்டைத் தவறவிட வேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். இந்தியாவிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் தனியாக வந்து படிக்கும் மாணவர்களுக்கு மேலே சொன்னது எதுவும் அப்படியே பொருந்தாது. அவர்கள் பெரும்பாலும் முதல் ஐந்து ஆண்டுகள் வெளிநாட்டவருக்கான 1040-என்.ஆர். தாக்கல் செய்ய வேண்டியவர்கள், இந்த கிரெடிட் அவர்களுக்கு இல்லை. அதே சமயம் இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவால் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கிடைக்கும். அவர்கள் அதற்குப் பதில் வழக்கமான 1040 படிவத்தைத் தவறாக நிரப்பி கிரெடிட் வாங்கிவிட்டால் பின்னால் திருப்பிக் கட்ட வேண்டி வரும்.

சகோதரி, ஒன்றை மட்டும் உங்களிடம் மறுபடியும் கேட்க வேண்டியிருக்கிறது. 10,000 டாலர் மெரிட் ஸ்காலர்ஷிப் கடிதத்தை மகளிடம் கேட்டு வாங்கி, இரண்டாம் பக்கம் வரை நீங்களே படியுங்கள். "டியூஷனுக்கும் கட்டணத்துக்கும் மட்டும்" என்று எங்காவது ஒரு வரி இருந்தால் நான் போட்ட கணக்கு செல்லாது, 9,500 என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பிவையுங்கள், ஏப்ரல் 15-க்கு முன்னால் வேறு விதமாகப் பிரித்துப் பார்த்துவிடலாம்.